பகலவன் கட்டில் காலி

புளியந்தோப்பு
3 பிப்ரவரி 2025

தம்பி குட்டுவனுக்கு,

உன் போன் ஃப்ரிட்ஜ் மேல் கிடக்கிறது. மறந்துவிட்டுப் போனாயா, இல்லை வைத்துவிட்டு வரச் சொன்னார்களா? முதலில் இதற்குப் பதில் எழுது. சார்ஜர் ஒயரைச் சுற்றி அழகாகப் பக்கத்திலேயே வைத்திருக்கிறது. மறந்துபோகிறவன் ஒயரைச் சுற்றி வைப்பானா என்று நேற்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

முகாம் மண்டபத்து நம்பருக்குப் போன் போட்டேன். ஷிபின் என்று ஒரு பையன் எடுத்தான். முகாம் நடத்துகிற சேவைக் கிளப் ஆளாம். "நல்லா இருக்காருக்கா, சாப்ட்டாரு" என்றான். அவனிடம் கொடு என்றால், "இப்ப வரமாட்டேன்னு சொல்லுதாருக்கா" என்கிறான். நீ வரமாட்டாயா, அவர்கள் விடமாட்டார்களா?

எனக்கு இந்தக் கிளப்காரர்கள் விஷயமே பிடிபடவில்லை. ராயபுரத்தில் வெல்லமும் பருப்பும் மொத்த வியாபாரம் பண்ணுகிறவர் அந்த ஞானதுரை அண்ணாச்சி. கிளப்புக்குத் தலைவர். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டு நன்றாகத்தான் இருக்கிறார். இருபது மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை எண்ணூரில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தில் தனியாக வாழப் பழக்குகிறேன் என்று மாதம் முழுக்க வைத்துச் சோறு போட்டு அவருக்கு என்ன ஆகப்போகிறது? கீழ்வீட்டு பவானி அக்காவும் அதையேதான் கேட்டது. "ஓசில எவன்டி மாசம் பூரா சோறு போடுவான்? உள்ள இன்னா மேட்டரு கீதுன்னு பாரு."

முகாம் முடிந்ததும் திருவொற்றியூரில் வீடு எடுத்து மூன்று பேரைத் தனியாகக் குடிவைக்கப்போகிறார்களாம். அந்த மூன்றில் ஒருவனாக இருக்க வேண்டும் என்று நீ துடிக்கிறாய். நான் இன்னமும் சம்மதிக்கவில்லை என்பதை மறந்துவிடாதே. நீ பேசினால் என்னைத் தவிர யாருக்குப் புரியும்? தண்ணீர் கேட்டால் துண்டைக் கொண்டுவந்து நீட்டுவார்கள்.

கோபத்தில் உன்னை வழியனுப்பக் கீழே வரவில்லை. அது மனசுக்கு என்னவோ போல இருக்கிறது.

பஷீர் பாய் ஆட்டோ அந்தப் பக்கம் தினமும் போகிறது. கடிதத்தை அவர் கையில் மட்டும் கொடு. அறைக்கதவின் தாழ்ப்பாள் உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று பார்த்து எழுது. யாராவது போட்டோ எடுக்க வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்.

அக்கா
சங்கமித்ரா

*

எண்ணூர்
5 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே நலமாக இருக்கிறேன். போனை மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் வைத்துவிட்டு வந்தேன். உன் வேலைக்கு நடுவில் நீ நிமிடத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவாய். போனில் என் பேச்சு உனக்கே பாதி புரியாது. புரியாததையெல்லாம் நான் அழுகிறேன் என்று எடுத்துக்கொள்வாய். ஷிபின் அண்ணன் கூப்பிட்டபோது வரமாட்டேன் என்று சொன்னது நான்தான். கேரம் ஆட்டத்தில் ஜெயிக்கிற நிலையில் இருந்தேன்.

தாழ்ப்பாள் உள்ளேதான் இருக்கிறது. எனக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கிறது.

மண்டபம் தரைத்தளம் அக்கா. காலையில் எழுந்ததும் யாரையும் கூப்பிடாமல் சக்கர நாற்காலியை நானே தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிறேன். இங்கே வருவதற்கு முன்னால் நம் வீட்டு மூன்றாவது மாடியிலிருந்து நான் கடைசியாக இறங்கியது எப்போது? தீபாவளிக்கு நீயும் பஷீர் பாயும் தூக்கிக்கொண்டு போனீர்கள். இங்கே வாசலில் பார்க்கப் பெரிதாக ஒன்றும் கிடையாது. மின்நிலையத்துப் புகைபோக்கி, நெட்டுக்குப்பம் போகிற ரோடு, மீன் கூடையோடு போகிற பெண்கள். ஆனாலும் போகிறேன்.

பக்கத்துக் கட்டில் பகலவன். சடையங்குப்பத்துக்காரன், கால் இரண்டும் வராது. "எங்கூர்ல வெள்ளம் வந்தா மொதல்ல கிரைண்டர பரண்ல ஏத்துவாங்க, அப்பால தான் என்னிய ஏத்துவாங்க" என்று சொல்லி அவனே சிரிப்பான்.

போட்டோ முதல் நாளே எடுத்துவிட்டார்கள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாயிலிருந்து சோறு வழிகிற நேரம் பார்த்துத்தான் எடுத்தார்கள். ஏன் என்று கேட்டேன். யாருக்கும் காதில் விழவில்லை.

இப்படிக்கு,
செங்குட்டுவன்

*

புளியந்தோப்பு
7 பிப்ரவரி 2025

குட்டுவனுக்கு,

அந்தக் கடிதத்தை நீ எழுதவில்லை.

உன் இடது கை எழுத்து எனக்குத் தெரியாதா? நீ ஒரு 'க' போட்டால் அரைப் பக்கம் போய்விடும். இதுவோ முத்து முத்தாக இருக்கிறது. சரி, கை வலித்ததால் யாரிடமோ சொல்லி எழுதினாய் என்றே வைத்துக்கொண்டாலும், நீ பிறந்ததிலிருந்து 'இருக்கிறது' என்று ஒரு நாளாவது பேசியிருக்கிறாயா? 'கீது'தானே உன் வாயில் வரும்? 'நலமாக இருக்கிறேன்' என்று எழுதச் சொல்லிக்கொடுத்தது யார்? அண்ணாச்சியா?

அந்தப் போட்டோ விஷயம் எனக்கு நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. எதற்கு எடுத்தார்கள், எங்கே போடப்போகிறார்கள்? ஷிபினிடம் போனில் கேட்டேன். "அது சும்மா கிளப் ஆவணத்துக்குக்கா" என்றான். வாயில் சோறு வழிவது அவர்களுக்கு என்ன ஆவணம்?

கன்டெய்னர் யார்டு ஆபீஸில் உட்கார்ந்து பில் அடிக்கிறேன், கை ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம். சூப்பர்வைசரிடம் இரண்டு தடவை திட்டு வாங்கியாயிற்று.

நிஜமாகவே நீதான் எழுதினாய் என்றால் நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒன்றைச் சொல். நம் வாஷிங் மிஷினுக்கு நீ வைத்த பெயர் என்ன? அது வராமல் வேறு என்ன வந்தாலும் நான் நம்பமாட்டேன். அன்றே கிளம்பி வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

அக்கா

*

எண்ணூர்
10 பிப்ரவரி 2025, காலை

அக்காவுக்கு,

வாஷிங் மிஷின் பெயர் 'கவுன்சிலர்'. சத்தம் பெரிதாக இருக்கும், அழுக்கு அப்படியே இருக்கும். போதுமா?

சொல்வது நான், எழுதுவது ரிஃபானா. அவளும் முகாமுக்கு வந்தவள்தான், ராயபுரம். ஒரு கால் செயற்கைக் கால், கை மட்டும் அச்சு மாதிரி எழுதும். நான் 'கீது' என்றால் அவள் 'இருக்கிறது' என்று போடுகிறாள். கேட்டால், கடிதம் என்றால் அப்படித்தான் எழுத வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள். (கடிதத்துக்கு என்று ஒரு மரியாதை உண்டு அல்லவா அக்கா? - ரிஃபானா)

நான் பேசுவது அவளுக்கு மூன்றாம் நாளே புரிய ஆரம்பித்துவிட்டது. இதை உன்னிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கும் புத்தி கோணலாகத்தான் போகிறது. யார் சிரித்தாலும் ஏன் சிரிக்கிறார் என்று பார்க்கிறேன். இன்று எழுந்து பார்த்தால் பகலவன் கட்டில் காலி. அவனும் இல்லை, மெத்தையும் இல்லை. ஷிபின் அண்ணனைக் கேட்டேன். "அவன் போயாச்சு" என்று எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார். எங்கே என்று கேட்டால், "பொறவு சொல்லுதேன்" என்று நழுவிவிட்டார். பாதிப் பேரை வேனில் நெட்டுக்குப்பத்துக்கு மீன் வாங்க, அப்படியே கடற்கரை பார்க்கக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அதில் அவனும் போயிருக்கலாம். ஆனால் மீன் வாங்கப் போகிறவன் மெத்தையையுமா எடுத்துக்கொண்டு போவான்?

அதே நாள், மதியம்

அக்கா, பஷீர் பாய் வாசலில் நிற்கிறார். அவசரமாகச் சொல்கிறேன்.

சாப்பிட்ட பிறகு நானும் ரிஃபானாவும் சமையற்கட்டுக்குப் பின்னால் இருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் டெம்போ வந்து நின்றது. அண்ணாச்சி குரல் கேட்டது. கேட்டதைக் கேட்டபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

"ஷிபினே, அந்தச் சவத்தத் தூக்கி டெம்போல போடுலே. பயலுவ கண்ணுல படாண்டாம்."

"நல்ல நீளமா கெடக்கு அண்ணாச்சி. மடக்கித்தான் போடணும்."

"மடக்கிப் போடு. மேல சாக்கப் போட்டு மூடு. ஒருத்தனுக்கும் தெரியாண்டாம், கேட்டியா?"

பார், ரிஃபானாவின் எழுத்தே கோணிவிட்டது. பகலவன் என்னைவிட உயரம் அக்கா. டெம்போ போய்விட்டது. வேன் இன்னும் வரவில்லை. நீ வா.

குட்டுவன்

*

எண்ணூர்
11 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

நேற்று சாயங்காலம் நீ போட்ட சத்தம் முகத்துவாரம் வரை கேட்டிருக்கும். வா என்று எழுதியது நான்தான். பாதித் தப்பு என் தலையில். ஆனால் பவானி அக்காவையும் இன்னும் பத்துப் பெண்களையும் மூன்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வரச் சொன்னேனா? அண்ணாச்சி சட்டையைப் பிடித்து, "எங்கடா பொணம்? எங்கடா வெச்சிகினு கீறீங்க?" என்று உலுக்கச் சொன்னேனா? அந்த மனிதர் முழித்துக்கொண்டு, "எந்தப் பொணம்மா? ஆருக்க பொணம்?" என்று கேட்கிறார். அந்த நேரம் பார்த்து வேனிலிருந்து தூக்கி இறக்கிய பகலவன் கையில் சுண்டலோடு, "யாரு பூட்டாங்க?" என்று கேட்டான் பார், எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை.

நீ பாதியிலேயே கிளம்பிவிட்டதால் மீதியைச் சொல்கிறேன். அவர்கள் ஊரில் எதற்கெடுத்தாலும் சவம்தானாம். பேனா எழுதவில்லை என்றால் சவம், மழை விடவில்லை என்றால் சவம், பிடிக்காத பண்டம் எல்லாமே சவம். ஷிபின் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். நமக்குச் சவம் என்றால் ஒன்றே ஒன்றுதான். எனக்கும் தெரியாது, ரிஃபானாவுக்கும் தெரியாது, வந்த பத்துப் பெண்களுக்கும் தெரியாது.

சரி, டெம்போவில் மடக்கிப் போட்டது என்ன? அதை நான் விடவில்லை. காட்டினால்தான் ராத்திரிச் சாப்பாடு என்று உட்கார்ந்துவிட்டேன். டெம்போவைத் திரும்ப வரவழைத்தார்கள். சாக்கை எடுத்தால் ஒரு ஃப்ளெக்ஸ். மண்டப வாசலை அடைக்கிற அளவு. நடுவில் அண்ணாச்சி கைகூப்பிக்கொண்டு பெரிதாக நிற்கிறார். சுற்றிலும் நாங்கள் சின்னச் சின்னதாக. என் வாயில் சோறு வழிகிறது. மேலே, 'கருணை தேடும் தெய்வக் குழந்தைகள்'.

பகலவனுக்கு இருபத்தாறு வயது. மீசை வைத்திருக்கிறான்.

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "எங்க ஆளுவ அச்சடிச்சுக் கொண்டாந்துட்டானுவ. பாத்ததும் எனக்கே கூசிப்போச்சு மக்கா. ஒங்க கண்ணுல பட்டா மனசு வெசனப்படும்னுதான் தூரக் கொண்டுபோகச் சொன்னேன்." எங்களைக் கேட்காமல் அச்சடித்தார்கள், எங்களுக்குச் சொல்லாமல் மறைத்தார்கள். இரண்டையும் எங்கள் நல்லதுக்காகவே செய்தார்களாம்.

இதில் நீ சந்தோஷப்பட ஒன்றும் இல்லை. அடுத்தது உன் கதை.

பகலவன் மெத்தையோடு அடுத்த அறைக்குப் போனது ஏன் தெரியுமா? என் குறட்டை. ஒரு வாரமாகத் தூங்கவில்லையாம். என்னிடம் சொன்னால் மனசு கஷ்டப்படுமே என்று ஷிபின் அண்ணனிடம் கெஞ்சி மாறியிருக்கிறான். நான் குறட்டை விடுவேன் என்று எனக்கு நேற்றுத்தான் தெரியும் அக்கா. இருபத்துநான்கு வயதாகிறது. ஒரே அறையில் என் பக்கத்தில் படுக்கிறவள் நீ. ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை? இன்னும் என்னென்ன சொல்லாமல் வைத்திருக்கிறாய்?

குட்டுவன்

*

புளியந்தோப்பு
13 பிப்ரவரி 2025

குட்டுவனுக்கு,

ஃப்ளெக்ஸ் இருந்ததா இல்லையா? போட்டோ எதற்கு என்று முதல் கடிதத்திலிருந்து நான் தலையில் அடித்துக்கொண்டேனா இல்லையா? சந்தேகப்பட்ட நான் கெட்டவள், சாக்கைப் போட்டு மூடிய அண்ணாச்சி நல்லவர். நன்றாக இருக்கிறது உன் நியாயம்.

அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை. சட்டை கிழிந்ததற்குக் கேட்கிறேன். சந்தேகப்பட்டதற்குக் கேட்கமாட்டேன். நம்மைப் போன்றவர்கள் சந்தேகப்படாமல் இருந்தால் தலையில் ஏறி மிளகாய் அரைத்துவிடுவார்கள்.

நான் ஏன் பாதியில் கிளம்பினேன் என்று நீ கேட்கவே இல்லை. அத்தனை பேருக்கு முன்னால் உன் வண்டியைப் பிடித்து, வாடா வீட்டுக்குப் போகலாம் என்றேன். நீ ஏதோ சொன்னாய். ஓடிவந்த மூச்சிரைப்பு, பெண்கள் கூச்சல், எனக்கு ஒரு நிமிடம் காதில் வாங்க முடியவில்லை. உடனே அந்தப் பெண் ரிஃபானா என்னைப் பார்த்து, "வரலையாம் அக்கா, உங்களப் போகச் சொல்றாரு" என்றாள். உன் பேச்சை அவள் எனக்கு எடுத்துச் சொல்கிறாள்! எனக்கு! அம்மா போன பிறகு உன் வாயைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவள் நான். அந்த இடத்தில் நிற்க முடியவில்லை, வந்துவிட்டேன்.

குறட்டைக்கு நான் என்ன பதில் சொல்வது? சொல்லத் தோன்றவில்லை, சொல்லவில்லை.

வீட்டு விஷயத்தில் என் முடிவு மாறவில்லை. ஃப்ளெக்ஸ் அடித்தவர்கள் நாளைக்கு அந்த வீட்டு வாசலில் என்ன போர்டு மாட்டுவார்களோ? என் கையெழுத்து இல்லாமல் உன்னை எங்கேயும் குடிவைக்க முடியாது என்று ஷிபின் சொல்லியிருக்கிறான். நான் போடமாட்டேன். முகாம் முடிந்ததும் வீட்டுக்கு வா.

சங்கமித்ரா

*

எண்ணூர்
17 பிப்ரவரி 2025

அக்கா,

இது என் கையெயுத்து. ரிஃபானா கைல குடுக்கல. நாலு நாளா எயுதிகினு கீறேன். பெருசு பெருசா தான் வரும், படி.

நேத்து அந்த ஃப்ளெக்ஸ தரைல விரிச்சி அது மேல குந்திகினு துன்னோம். நான் தான் சொன்னேன். அண்ணாச்சியும் குந்தினாரு. "எம் மூஞ்சில சாம்பார ஊத்திராதிய மக்கா"ன்னாரு. பகலவன் கரெக்டா அங்கியே ஊத்தினான்.

அப்பால நான் கேட்டேன், வூட்டுக்கு ஏன் அக்கா கையெயுத்து? எனக்கு ஓட்டு கீது. ஆதார் கீது. நான் போட்டா செல்லாதா? அண்ணாச்சி, "செல்லும், எங்களுக்குத்தான் தோணல"ன்னாரு. நான் போட்டுட்டேன். போர்டு எதுவும் மாட்டக் கூடாதுன்னு சொல்லிட்டு தான் போட்டேன். அது நீ சொன்னது.

நானு, பகலவன், இன்னோர்த்தன். பகலவன் காதுல பஞ்சு வெச்சிக்குவானாம்.

கோச்சிக்காத. நான் பேசறது உனுக்கு மட்டும் தான் புரியும்னா நான் உன்கிட்ட மட்டும் தான் பேச முடியும். அது நல்லாவா கீது?

ஞாயித்துக்கெயம வா. இட்டுகினு போவ வராத. சாப்புட வா.

குட்டுவன்

*

புளியந்தோப்பு
20 பிப்ரவரி 2025

அன்புள்ள குட்டுவனுக்கு,

உன் கடிதம் மூன்று தாள். பஷீர் பாய், "இன்னாம்மா உன் தம்பி, நியூஸ் பேப்பர் அனுப்சிக்கிறான்" என்று கேலி பண்ணினார். அவர் முன்னால் சிரித்துவிட்டு, மாடிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கோபத்தில் இல்லை. உன் கையெழுத்தில் எனக்கு இதுவரை ஒரு கடிதம் வந்ததில்லை. மூன்று அறைக்குள் ஒன்றாகவே இருந்தோம், நீ எதற்கு எழுதப்போகிறாய்?

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். சாப்பிடத்தான் வருகிறேன். அப்படியே திருவொற்றியூர் வீட்டையும் பார்ப்பேன். தாழ்ப்பாள், கழிவறைக் கைப்பிடி, பின்பக்க வாசல் எல்லாம் நானே தட்டிப் பார்க்காமல் விடமாட்டேன். அந்த வீட்டு ஓனரிடம் அண்ணாச்சி என்ன பேசி வைத்திருக்கிறார் என்றும் கேட்பேன். அவருக்கு ஒரு புதுச் சட்டை எடுத்திருக்கிறேன். சட்டை வேறு, கேள்வி வேறு. அந்த மூன்றாவது ஆள் யார்? பெயரைக்கூட எழுதாமல் 'இன்னோர்த்தன்' என்றால் எனக்குச் சந்தேகம் வராதா? ரிஃபானா எங்கே தங்கப்போகிறாள் என்பதையும் நீயாகச் சொல்லிவிட்டால் நல்லது.

குறட்டையைப் பற்றிக் கேட்டாய். சொல்லத் தோன்றவில்லை என்று எழுதினேன், அது பொய். அம்மா போன புதிதில் நீ மூச்சு விடுகிறாயா என்று பயந்து பயந்து எழுந்து உன் மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பேன். அப்புறம் உனக்குக் குறட்டை வர ஆரம்பித்தது. அதிலிருந்து நான் எழுந்து பார்க்கத் தேவையில்லாமல் போய்விட்டது. சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் நீ இருக்கிறாய். சொன்னால் நீ வெட்கப்பட்டு, ஒருக்களித்துப் படுத்து நிறுத்திவிடுவாயோ என்றுதான் சொல்லவில்லை. வேறு எதையும் மறைக்கவில்லை. இது ஒன்றுதான், இதுவும் எனக்காக.

நீ போன நாளிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை. பவானி அக்கா ஃபேன் சத்தத்தைக் கூட்டி வைத்துப் பார்க்கச் சொன்னது. கவுன்சிலரைக்கூட வெறுமனே ஓடவிட்டுப் பார்த்தேன். அது சரிப்படவில்லை.

உன் போனைக் கொண்டுவருகிறேன். பயப்படாதே, நான் கூப்பிடமாட்டேன். பகலவனிடம் கொடுத்து வை. அவன் காதில் பஞ்சை வைப்பதற்கு முன்னால் ஒரு நாள், ஒரே ஒரு நாள், உன் குறட்டையைப் பதிவு பண்ணி எனக்கு அனுப்பச் சொல்.

உன் அக்கா
சங்கமித்ரா